13 வயதில் ஒலிம்பிக் தங்கம்: கிளாவுஸ் செர்டாவின் பங்கு என்ன?

கேள்வி (குளச்சல்):

அனைவருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் ஒலிம்பிக் வரலாறு பேசும்போது, 1960 ரோம் ஒலிம்பிக் படகோட்டத்தில், இருவர் தண்டு (துடுப்பு) வலிக்க ஒருவர் சுக்கான் பிடிக்கும் பிரிவில், சுக்கான் பிடித்துத் தங்கம் வென்ற ஜெர்மானியச் சிறுவன் கிளாவுஸ் செர்டாவைப் பற்றிச் சொன்னேன். அப்போது அவருக்கு 13 வயதும் 283 நாளும். உறுதியான பதிவுகளின்படி, ஒலிம்பிக் தங்கம் வென்ற ஆண்களில் மிக இளையவர் அவரே. உடனே கடலுக்குப் போகும் வீட்டு மாணவன் ஒருவன், "தண்டு வலிச்சது மத்த ரெண்டு பேரும், சும்மா இருந்தவனுக்கு எதுக்கு சார் தங்கம்?" என்றான். வகுப்பே அவன் பக்கம் சாய்ந்துவிட்டது. அவனுக்கு முறையான விடை சொல்ல விரும்புகிறேன்.

மறுமொழி (தேங்காப்பட்டணம்):

ஐயா, வள்ளத்தின் அமரத்தில் (பின்முனையில்) சுக்கான் பிடித்து இருப்பவரைச் சும்மா இருப்பவர் என்று அவன் வீட்டில் யாரும் சொல்லமாட்டார்கள், அங்கிருந்தே தொடங்குங்கள். இந்தப் போட்டியில் தண்டு வலிப்பவர்கள் படகு போகும் திசைக்கு முதுகு காட்டி அமர்வதால், இலக்கை நேரே பார்த்திருப்பவர் சுக்கான் பிடிப்பவர் மட்டுமே. சுக்கானைச் சற்றே திருப்பினாலும் தண்ணீர் தடுத்து வேகம் குறையும் என்பதால், 2000 மீட்டரையும் கூடுமானவரை அதை அசைக்காமலே நேராகக் கடக்க வேண்டும். வலிப்பின் தாளத்தைக் குரலால் கட்டுவதும், முழு வலுவையும் கொட்ட வேண்டிய நேரத்தைச் சொல்வதும் அவர் பொறுப்பே. பெர்ன்ஹார்ட் க்னூபெல், ஹைன்ஸ் ரென்னபெர்க் என்ற இரண்டு வளர்ந்த வீரர்கள் ஒரு பள்ளிச் சிறுவனின் கண்ணை நம்பிப் பின்னோக்கி அமர்ந்து, சோவியத் ஒன்றியத்தையும் அமெரிக்காவையும் முந்தினார்கள். அந்த நம்பிக்கைக்கும் சேர்த்துத்தான் தங்கம் என்பது என் கருத்து.

மறுமொழி (நாகர்கோவில்):

அண்ணன் சொன்னதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் எடையைப் பேசாமல் விடுவது மாணவனுக்கு நியாயமாகாது. எட்டுப் பேர் வலிக்கும் படகில் சுக்கான் பிடிப்பவரின் பாரம் எட்டாகப் பிரியும். செர்டாவின் படகில் அதை இருவரே சுமக்க வேண்டும். ஆகவே அங்கே மெலிந்த சிறுவன் பெரிய அனுகூலம். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கிலேயே இதே பிரிவில் நெதர்லாந்து வீரர் இருவர் தங்கள் சுக்கான் ஆளை இறக்கிவிட்டு, உள்ளூர்ச் சிறுவன் ஒருவனை ஏற்றி வென்றார்கள். அவன் செர்டாவைவிட இளையவனாக இருந்திருக்கலாம். ஆனால் அவன் பெயரும் வயதும் முறையாகப் பதிவாகவில்லை, சாதனை செர்டாவின் பெயரில் நிற்கிறது. இது என்னை மிகவும் வருத்துகிறது. வென்ற பிள்ளையின் பெயரைக்கூட எழுதி வைக்காமல் விட்டார்களே!

இன்றைய விதியின்படி சுக்கான் பிடிப்பவர் குறைந்தது 55 கிலோ இருக்க வேண்டும். குறைந்தால் ஈடாகப் பாரம் ஏற்ற வேண்டும். செர்டா வென்ற ஆடவர் பிரிவும் 1992 பார்சிலோனாவுக்குப் பின் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. அவருடைய சாதனையைப் படகோட்டத்தில் இனி ஒரு சிறுவன் முறியடிப்பது மிகக் கடினம்.

மறுமொழி (குழித்துறை):

போட்டி நடந்தது ரோமுக்கு அருகே, எரிமலை வாயில் அமைந்த அல்பானோ ஏரியில். மிதவைகளால் பாதை பிரிக்கும் முறை இன்றும் அந்த ஏரியின் பெயராலேயே வழங்குகிறது என்பதையும் வகுப்பில் சொல்லுங்கள். கிழக்கு ஜெர்மனியும் மேற்கு ஜெர்மனியும் ஒரே அணியாகப் பங்கேற்ற காலம் அது. வென்றபோது நாட்டுப்பண்ணுக்குப் பதிலாக பேத்தோவனின் இசையே ஒலித்தது.

அதே ஒலிம்பிக்கில், 1920 முதல் 1956 வரை அமெரிக்கா விட்டுக்கொடுக்காத எட்டுப் பேர் போட்டியையும் ஜெர்மனி வென்றது. அந்தப் படகில் சுக்கான் பிடித்த வில்லி பாட்கேவுக்கு வயது 16. எடையால் கிடைக்கும் அனுகூலம் குறைந்த படகிலும் பள்ளி வயதுப் பையனையே அமர்த்தினார்கள் என்பதால், தேங்காப்பட்டணத்து அண்ணன் சொன்ன பக்கமே நானும் நிற்கிறேன்.