ஸ்லாம் மேடைக்கு எழுதுகிறேன், வரிகள் பாடப்புத்தகம் மாதிரி வருகின்றன. சொந்தப் பேச்சுக்குக் கொண்டுவருவது எப்படி?

தெக்கத்திக்காத்து:
வணக்கம். சென்னையில் நடக்கும் ஒரு ஸ்லாம் மேடைக்கு, அதாவது கவிதையைச் சொல்லிப் போட்டியிடும் மேடைக்கு, 3 நிமிடக் கவிதை எழுதிக்கொண்டிருக்கிறேன். தென்காசிப் பக்கம் பீடி சுற்றும் பெண்களைப் பற்றியது, குறிப்பாக அம்மாவைப் பற்றி. முதல் வரி இப்போது இப்படி இருக்கிறது: 'அன்னையின் விரல்களில் ஆயிரம் விடியல்கள் உருண்டுகொண்டிருக்கின்றன.' தாளில் சரியாகத் தெரிகிறது, வாய்விட்டுச் சொன்னால் வேறு யாரோ பேசுகிற மாதிரி இருக்கிறது. எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதினால் சென்னையில் புரியுமா? 3 நிமிடத்துக்கு எத்தனை சொற்கள் எழுதலாம்? போனைப் பார்த்து வாசிக்கலாமா, மனப்பாடம் செய்தே ஆகவேண்டுமா?

கூத்துக்களரி:
அந்த வரியில் உங்கள் அம்மா இல்லை. வீட்டில் யாரும் 'அன்னை' என்று கூப்பிடுவதில்லை. 'விடியல்' ஆயிரம் கவிதைகளில் வந்து தேய்ந்த சொல். பேனாவை மூடிவைத்துவிட்டு வாயிலிருந்து தொடங்குங்கள்.

பீடி வேலை தெரியாத ஒருவரை எதிரில் உட்காரவைத்து, போனில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, அந்த வேலையை 5 நிமிடம் விளக்குங்கள். இலையை எங்கே நனைப்பார்கள், கத்தரி எந்தக் கையில், ஒரு கட்டுக்கு எத்தனை, கடையில் எந்தப் பீடியை என்ன சொல்லிக் கழிப்பார்கள், எல்லாம். கவிதை என்ற நினைப்பே வேண்டாம். பிறகு அதைச் சொல்லுக்குச் சொல் எழுதுங்கள், 'வந்து', 'என்னன்னா' உட்பட. எழுதியதில் மூன்றுக்கு அடிக்கோடு போடுங்கள்: பொருள்களின் பெயர்கள், உங்களை அறியாமல் இரண்டு முறை சொன்ன வாக்கியம், பேச்சு வேகம் மாறிய இடம். மற்றதைத் தள்ளுங்கள். 5 நிமிடப் பேச்சில் 10 அல்லது 15 வரி மிஞ்சினால் போதும். உங்கள் குரல் அதில்தான் இருக்கிறது.

ஊர்ப் பேச்சு புரியுமா என்றால், வினைமுடிவுகளைப் பற்றிக் கவலையே வேண்டாம். 'சுத்துதா', 'சொல்லுதேன்', 'இருக்காவ' இரண்டு வரியில் காதுக்குப் பழகிவிடும். இடறுவது பெயர்ச்சொல். சொளவு என்றால் சென்னையில் பாதிப் பேருக்கு முறம் என்று தெரியாது. அதற்கு விளக்கம் சொல்லக் கூடாது, பக்கத்துச் சொல்லே காட்டிக்கொடுக்க வேண்டும். 'மடியில சொளவு, சொளவுல தூளு' என்றால் மடியில் வைக்கும் ஏதோ தட்டு என்று பிடிபடும். அரை நிமிடத்துக்கு இரண்டுக்கு மேல் புதுப் பெயர்கள் வேண்டாம்.

ஒரு நடையை எடுத்தால் கடைசிவரை அதையே பிடியுங்கள். ஒரு வரியில் 'சுத்துதா', அடுத்ததில் 'சுற்றுகிறாள்' என்று வந்தால் கேட்பவர் உடனே விலகிவிடுவார். ஓரிடத்தில் மட்டும் எழுத்துத் தமிழ் வரலாம், வேறொரு குரல் பேசும்போது. அரசு அறிவிப்போ விண்ணப்பப் படிவமோ குறுக்கே வந்தால் அது அந்த விறைப்பான தமிழிலேயே பேசட்டும். 'என்று சொன்னார்கள்' போடத் தேவையே இருக்காது.

இனி பெரும்பாலோர் கவனிக்காத ஒன்று. தமிழில் வினை கடைசியில் வருகிறது, மறுப்பும் கடைசியில்தான். மூச்சும் அங்கேதான் தீர்கிறது. நீண்ட வாக்கியமாக எழுதினால் 'வரல', 'கொடுக்கல', 'இல்ல' எல்லாம் தொண்டைக்குள்ளேயே போய்விடும், கேட்பவருக்கு அர்த்தம் தலைகீழாகப் போய்ச் சேரும். இரண்டு வழி இருக்கிறது. வாக்கியத்தை உடைத்து, வினைக்கு முன்னால் ஒரு மூச்சு எடுக்க இடம் விடலாம். அல்லது பேச்சில் செய்வதுபோல் வினையை முன்னே இழுக்கலாம்: 'வந்தாவ அப்பா, ராத்திரி பத்து மணிக்கு.' நாம் வீட்டில் இப்படித்தான் பேசுகிறோம், எழுத உட்கார்ந்தால் மட்டும் மறந்துவிடுகிறோம்.

ஓசைக்கு மோனை போதும், அதாவது சொற்களின் முதலெழுத்து ஒன்றிவருவது. ஒரே எழுத்துதான் வேண்டும் என்பதில்லை, அ ஆ ஐ ஔ ஓரினம், இ ஈ எ ஏ ஓரினம், உ ஊ ஒ ஓ ஓரினம். மெய்யில் ச-த, ஞ-ந, ம-வ. பேச்சுத் தமிழிலும் இது அப்படியே வேலை செய்யும். வரிக்கு வரி எதுகை (இரண்டாம் எழுத்து ஒன்றுவது) வைக்கப் போனால் சொல்ல வந்ததை எதுகை திருப்பிவிடும்.

ஒலிபெருக்கி:
நேரம், மைக் இரண்டுக்கும் நான் சொல்கிறேன்.

ஸ்லாம் 1986-ல் சிகாகோவின் கிரீன் மில் மதுக்கூடத்தில் மார்க் ஸ்மித் நடத்தத் தொடங்கிய வடிவம். பொதுவான விதிகள்: சொந்தக் கவிதை, 3 நிமிடம், அதற்கு மேல் 10 விநாடி சலுகை. அதையும் தாண்டினால் ஒவ்வொரு 10 விநாடிக்கும் 0.5 மதிப்பெண் குறையும். இசைக்கருவி, வேடம், கையில் பொருள் எதுவும் கூடாது (பீடி இலைக்கட்டை எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்). பார்வையாளர்களிலிருந்தே 5 நடுவர்களை எடுப்பார்கள், 10-க்கு மதிப்பெண். மிக அதிகமும் மிகக் குறைவும் நீங்கி நடுவில் உள்ள மூன்றின் கூட்டல், ஆக அதிகபட்சம் 30. இடத்துக்கு இடம் மாற்றுவார்கள், நடத்துபவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழில் நிறுத்தங்களோடு சொன்னால் நிமிடத்துக்கு 70 முதல் 80 சொல் என்று வைத்துக்கொள்ளலாம். 3 நிமிடத்துக்கு 200-ஐத் தாண்டாதீர்கள், வீட்டில் 2 நிமிடம் 40 விநாடியில் முடிய வேண்டும். மேடையில் கைதட்டலும் சிரிப்பும் அந்த மீதியைத் தின்றுவிடும். கவியரங்கப் பழக்கத்தில் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை சொல்கிறவர்கள் இங்கே பாதிக் கவிதையில் நேரம் முடிந்து நிற்பதைப் பார்க்கலாம். கவியரங்கத்துக்கு அது அழகு, அங்கே கடிகாரம் தளர்வு. இங்கே திருப்பிச் சொல்லும் வரி கவிதைக்குள்ளேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மைக் வாயிலிருந்து நான்கு விரல் தூரம். ஒட்டி வைத்தால் அடிக்குரல் வீங்கிச் சொல்லின் விளிம்பு மங்கும், லகர ளகரம் தெரியாது. தூரம் இரட்டிப்பானால் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் இறங்கும். அதனால் கத்தும் வரியில் ஒரு சாண் பின்னே போங்கள், கிசுகிசுக்கும் வரியில் நெருங்குங்கள். நேர் எதிரே பிடிக்காமல் வாயோரமாகச் சற்றே சாய்த்தால் பகரம் 'பொத்' என்று அடிக்காது. வலைத்தலையைக் கையால் மூடிப் பிடிக்காதீர்கள். பின்பக்கத் துளைகள் அடைபட்டால் மைக் எல்லாப் பக்க ஒலியையும் இழுக்கும், ஊளையிடும்.

போனைப் பார்க்கலாம், தடையில்லை. ஏரோபிளேன் மோடில் போடுங்கள், திரை தானாக அணையாதபடி மாற்றிவையுங்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள். தாள் என்றால் அட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கை நடுங்குவது தாளில்தான் முதலில் தெரியும்.

தெக்கத்திக்காத்து:
ரொம்ப நன்றி அண்ணாச்சி, இரண்டு பேருக்கும். பேசிப் பதிந்து எழுதியதில் வந்த தொடக்கம் இது:

மடியில சொளவு. சொளவுல தூளு.
கத்தரி எடுத்து இலய வெட்டி தூள வச்சிச் சுத்திக் கட்டி
ஆயிரம் முடிக்காம எங்கம்மா ஒறங்குனதே இல்ல.
கடக்காரன் எண்ணுதான். கழிக்கான்.
எங்கம்மா வெரல யாரும் எண்ணல.

கூத்துக்களரி:
இப்போது ஆள் வந்துவிட்டார். முதல் வரியைத் தொடாதீர்கள்.

இரண்டாம் வரியில் ஐந்து வினையெச்சம் வரிசையாக நிற்கிறது, மூச்சு எடுக்க இடமே இல்லை. அது கை செய்யும் வேலை, கையின் தாளத்திலேயே விடுங்கள்: 'வெட்டு. நிரப்பு. சுத்து. கட்டு.' ஒவ்வொன்றும் ஒரு தட்டு. இந்த வரி கவிதையில் மூன்று முறை வரட்டும், ஒவ்வொரு முறையும் வேகம் கூடட்டும். மூன்றாவது முறை 'சுத்து' என்பதோடு நிறுத்திவிடுங்கள். 'கட்டு' என்பதை அரங்கமே மனதுக்குள் சொல்லிக்கொள்ளும்.

மூன்றாம் வரியில் நான் சொன்ன அதே பிரச்சினை, மறுப்பு கடைசியில் தேய்கிறது. 'ஆயிரம் முடியல. அம்மா ஒறங்கல.' மோனையும் கிடைத்தது, இயைபும் (கடைசி ஒலி ஒன்றுவது) கிடைத்தது, ஒரு சொல்லும் குறைந்தது.

கடைசி வரியை எடுத்துவிடுங்கள். 'யாரும் எண்ணல' என்பது நீங்கள் கேட்பவருக்குச் சொல்லித்தரும் பாடம். 'கழிக்கான்' என்பதிலேயே எல்லாம் இருக்கிறது. அங்கே நிறுத்தி, மனதுக்குள் மூன்று எண்ணி, அடுத்ததற்குப் போங்கள். மூன்று எண்ணும் அமைதியைத் தாங்க முடியாமல்தான் பலர் இப்படி விளக்க வரிகளை எழுதுகிறார்கள்.

வெள்ளாங்குருகு:
மனப்பாடம் பற்றி யாரும் பேசவில்லையே. தம்பி, கடைசிப் பத்தியிலிருந்து பின்னோக்கிப் பாடம் செய். கடைசிப் பத்தி முதலில், பிறகு அதற்கு முந்தையதும் கடைசியும், இப்படியே. முதலிலிருந்து படித்தால் தொடக்கம் ஐம்பது முறை ஓடியிருக்கும், முடிவு பத்து முறைதான். பதற்றத்தில் மறப்பது எப்போதும் அந்தப் பின்பாதிதான். பாத்திரம் துலக்கும்போதும் நடக்கும்போதும் சொல்லிப் பார், கண்ணாடி முன்னால் மட்டும் வேண்டாம். கண்ணாடி முன்னால் முகத்தைத்தான் பழகுவாய்.

பத்தி மாறும் இடங்களில் அந்தாதி வை. போன பத்தியின் கடைசிச் சொல்லே அடுத்ததன் முதல் சொல்லானால் நினைவு தானே இழுத்துக்கொண்டு போகும். அப்படியும் மறந்தால் மன்னிப்புக் கேட்காதே. 'வெட்டு. நிரப்பு. சுத்து. கட்டு.' உனக்கு இருக்கிறது. மெதுவாக அதைச் சொல், அது ஓடும் எட்டு விநாடிக்குள் அடுத்த வரி வந்துவிடும். வராவிட்டால் அடுத்த பத்தியின் தலைச்சொல்லுக்குத் தாவு. விட்டுப்போனது உனக்கு மட்டும்தான் தெரியும்.

மேடைக்கு முன்னால் ஒரு முறை அம்மாவிடம் முழுக்கச் சொல்லிக் காட்டு. அவர்களுடைய விரலும் இருமலும் கடன்கணக்கும் இதில் வருமென்றால், எது வெளியே போகலாம் என்று சொல்ல வேண்டியது அவர்கள்தான். காணொளி எடுத்து இணையத்தில் போடுவார்களா என்று நடத்துபவர்களிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள். வேலையின் வரிசையில் எங்கே தப்பு என்றும் அம்மாவே திருத்துவார்கள். அப்போது அவர்கள் சொல்லும் வாக்கியங்களையும் பதிவு செய்துகொள்.