மாத்திரை சாப்பிட்டுச் "சரியானானாம்": எந்த மாத்திரை?

பாளை டீச்சர்:
பிள்ளை வளர்ப்பு இழையில் ரதவீதி அண்ணாச்சி எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பையனுக்குப் பையன்கள் மேல்தான் ஈர்ப்பாம். டாக்டர் ஆறு மாதம் மாத்திரை கொடுத்தாராம், சரியாகிவிட்டானாம். மற்ற பெற்றோரும் அப்படிச் செய்யணுமாம். அது என்ன மாத்திரை அண்ணாச்சி?

ரதவீதி அண்ணாச்சி:
என் சொந்தக்காரப் பையன் டீச்சர், கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். அறைக்குள்ளேயே அடைந்து கிடந்தவன் இந்த ஆனித் திருவிழாவில் வடம் பிடித்தான். வயிற்றுவலிக்குப் போனால் மாத்திரையின் பெயரையா கேட்டுக்கொண்டிருக்கிறோம்?

பாளை டீச்சர்:
தேர் இழுத்தால் ஈர்ப்பு மாறிவிட்டது என்று அர்த்தமா? உலக சுகாதார நிறுவனம் 1990 மே மாதமே ஒருபால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இல்லாத நோய்க்கு எந்த மாத்திரை?

அம்பைக்காரன்:
உலக சுகாதார நிறுவனமா நம்ம வீட்டுக்குச் சம்பந்தம் பேச வரப்போகுது?

மருந்துக்கடை முத்து:
மனச்சோர்வுக்குக் கொடுத்திருப்பார்கள். அந்த மாத்திரைகளில் சிலவற்றுக்கு உடல் ஆசையை மட்டுப்படுத்தும் பக்கவிளைவு உண்டு. சோர்வு குறைந்து பையன் வெளியே வந்திருந்தால் நல்லதுதான். ஆனால் யார் மேல் ஈர்ப்பு என்பதை மாற்றுகிற மாத்திரை எந்தக் கடையிலும் கிடையாது.

ரதவீதி அண்ணாச்சி:
ஆக, மாத்திரை வேலை செய்யுது என்று முத்துவே ஒத்துக்கொண்டார். அவ்வளவுதான் வே!

பாளை டீச்சர்:
எதை ஒத்துக்கொண்டார்? திரும்பப் படியுங்கள். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தந்த உத்தரவையும் படியுங்கள். ஈர்ப்பை மாற்றுகிறேன் என்று சிகிச்சை கொடுக்கத் தடை. மீறினால் உரிமத்தையே பறிக்கலாம். இந்த விஷயத்தில் தன் புரிதல் போதாது என்று அவரே ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். 2022-ல் தேசிய மருத்துவ ஆணையமும் அப்படிச் சிகிச்சை கொடுப்பது டாக்டருக்கு ஒழுங்கீனம் என்று சொல்லிவிட்டது.

அம்பைக்காரன்:
அது மதுரையிலிருந்து போன ரெண்டு பொண்ணுங்க வழக்கு. நம்ம ஊர்ப் பையனுக்கு என்ன சம்பந்தம்? பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்று யார் சொன்னார்களோ, அங்கே இருக்கிறவர்கள் எல்லாருமே பாடம் எடுக்கிறார்கள்.

மருந்துக்கடை முத்து:
தடை மாநிலம் முழுவதற்கும்தான், அம்பையும் அதில் அடக்கம். ஊரை ஏன் இழுக்கிறீர்?

ரதவீதி அண்ணாச்சி:
யாரும் கட்டாயப்படுத்தவில்லை. "என்னைச் சரிபண்ணுங்க" என்று பையனே கேட்டான். அதுக்கு என்ன சொல்லுதீங்க?

பாளை டீச்சர்:
அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. என் வகுப்பிலும் ஒருவன் இருந்தான். நடை கொஞ்சம் நளினமாக இருந்த இன்னொரு பையனை மற்றவர்கள் கேலி செய்யும்போது சத்தமாகச் சிரித்தவன் இவன்தான். ஒரு சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, பஸ் பாஸ் உறையின் ஓரத்தை நகத்தால் உரித்துக்கொண்டே நின்றான். "எனக்குள்ள இருக்கறத எடுத்துப் போட வழி இருக்கா டீச்சர்?" என்று கேட்டான். சிரிப்பது, திட்டுவது, கல்யாணம் ஆனால் சரியாகும் என்பது, எல்லாவற்றையும் சின்ன வயசிலிருந்து கேட்டுக் கேட்டுத் தன்னையே வெறுக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை வேறு எப்படிக் கேட்பான்? அந்த வெறுப்புக்குத்தான் வைத்தியம் வேணும். நீ சொல்லாமல் உன் வீட்டில்கூட நான் சொல்ல மாட்டேன் என்று முதலில் சொன்னேன். சாகணும் என்று தோணுதா என்று நேராகவே கேட்டேன். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது சும்மா பயம். பேச ஆள் வேணும் என்றபோது 14416 எண்ணைக் கொடுத்தேன், அரசு மனநல உதவி எண், காசு கிடையாது. உங்கள் பையனிடம் இதெல்லாம் யாராவது பேசினார்களா, மாத்திரை மட்டும்தானா? பெயரையாவது சொல்லுங்கள்.

அம்பைக்காரன்:
பெற்றவர்களுக்குத் தெரியாமல் டீச்சர் ரகசியம் வைப்பாராம்! போன வருஷம் அண்ணாச்சி போட்ட தேர்ப் படத்தைப் புகார் கொடுத்து நீக்க வைத்தவர்தானே.

பாளை டீச்சர்:
அந்தப் படத்தில் அனுமதி இல்லாமல் மாணவிகள் முகம் இருந்தது. இன்றைக்கும் புகார் கொடுப்பேன். மாத்திரையின் பெயர்?

ரதவீதி அண்ணாச்சி:
பையனின் அம்மாவிடம் சீட்டை வாங்கிப் பார்த்துச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். இவ்வளவு பேச்சுக்கு அப்புறம் சொல்வதாக இல்லை.

மருந்துக்கடை முத்து:
சீட்டையே இன்னும் பார்க்கவில்லையா? அப்புறம் எதை வைத்து ஊருக்கெல்லாம் யோசனை சொன்னீர்?

அம்பைக்காரன்:
அண்ணாச்சி, இவங்களுக்குப் பதிலே சொல்லாதீங்க. முதல்ல அந்தத் தேர்ப் படத்தைத் திரும்பப் போடுங்க, யார் புகார் கொடுக்கிறாங்கன்னு பார்ப்போம்.