மேடைக்கு வர்ற வேட்பாளர்கிட்ட என்ன கேக்கலாம்? கொஞ்சம் சொல்லுங்க

வணக்கம் அண்ணாமார், அக்காமார். 2024 செப்டம்பர் 21 இலங்கை ஜனாதிபதி எலக்சன் தெரியும்தானே, அடுத்த கிழமை எங்க டவுனுக்கு ஒரு வேட்பாளர் வர்றாராம், எங்க தேயிலைத் தோட்டத்து பொடியன்களுக்கு ரெண்டு மூணு கேள்வி கேக்க டைம் தர்றதா சொல்லியிருக்காங்க, அதான் உங்ககிட்ட கேக்குறேன்.

சம்பளம் எல்லாரும் கேப்பாங்க. 2021ல நாள் சம்பளத்த 1000 ரூபா ஆக்கவே எவ்வளவு இழுபறி! நான் நினைக்கிறது, "கூட்டுவீங்களா"ன்னு கேட்டா ஆமான்னுதான் சொல்லுவாங்க, எந்த மாசத்துல இருந்து, கம்பனி கோர்ட்டுக்குப் போனா என்ன செய்வீங்கன்னு கேக்கணும். தோட்டத்து ஆக்களுக்கு வீடு கட்ட தர்றதா சொல்ற 7 பேர்ச் காணியும் அப்படித்தான், காணி உறுதிப் பத்திரம் யார் பேர்ல, எப்ப கைக்கு வரும்? எங்க லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) மழை பெஞ்சா அம்மா அரிசி வாளிய கட்டிலுக்கு மேல தூக்கி வைக்கிறாங்க, தகரம் அவ்வளவு ஓட்டை.

ஆள் எப்படின்னு தெரிய என்ன கேக்குறது? அங்கதான் மாட்டிக்கிட்டேன். சொத்து விபரம், போன தடவை குடுத்த வாக்கு, இனவாதம் பேசுற ஆள கூட வச்சிருக்கிறது ஏன்... இதெல்லாம் மரியாதையா எப்படி கேக்குறது? மைக்க புடுங்கிருவாங்களோன்னு பயம் வேற.

இன்னொண்ணு, 1, 2, 3ன்னு விருப்பு வாக்கு போடுறத எங்க தாத்தாவுக்கு லேசா விளங்கப்படுத்த தெரிஞ்சவங்க இருந்தா அதையும் சொல்லுங்க, அவரு இன்னும் புள்ளடி (X) மட்டும்தான்னு நிக்கிறாரு.