ருதெலின் தூரத்துக் காதல்: உங்களுக்கு எப்படி அறிமுகமானது?

பிரான்சில், போர்தோவில் வேலை பார்க்கிறேன். போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லமார்க்கில் படகு ஏறி, ஜிரோந்த் கழிமுகத்தைக் கடந்து ப்ளாய் ஊருக்குப் போனேன். தண்ணீர் முழுக்கச் சேற்று நிறம், அக்கரை வெறும் கோடாகத்தான் தெரிகிறது. அங்கே 17ஆம் நூற்றாண்டின் படைப் பொறியாளர் வோபான் கட்டிய கோட்டைக்குள், அதைவிடப் பழைய அரண்மனை ஒன்றின் இடிந்த சுவர்கள் புல்லுக்கு நடுவே நிற்கின்றன. அதற்கு ருதெல் குடும்பத்தின் பெயர். 12ஆம் நூற்றாண்டில் இந்த ஊரின் பிரபுவாக இருந்த ஜௌஃப்ரே ருதெல், தென் பிரான்சின் ஒக்சித்தான் மொழியில் பாட்டுக் கட்டிய த்ருபதூர், அதாவது கவிஞர். தூரத்துக் காதலைப் பற்றிய பாட்டு அவருடையதுதான்.

அவர் கதையைக் கேட்டிருப்பீர்கள். யாத்திரிகர்கள் வாயால் திரிப்போலிச் (இன்றைய லெபனானில் உள்ள ஊர்) சீமாட்டியின் பெருமையைக் கேட்டே, முகம் பார்க்காமல் ஆசைப்பட்டு, சிலுவைப் போருக்கென்று சிலுவை தரித்துக் கப்பலேறி, வழியில் நோயில் விழுந்து, கரை சேர்ந்ததும் அவள் கையிலேயே உயிரை விட்டாராம். இது 13ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தது, அந்தப் பாட்டிலிருந்தே இழைத்த கதை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பாட்டில் திரிப்போலி என்ற பெயரே கிடையாது. ஆனால் அவர் கடல் கடந்து போனதற்குச் சாட்சி உண்டு: மார்காப்ரு என்ற இன்னொரு த்ருபதூர் தன் பாட்டு ஒன்றை, கடலுக்கு அப்பால் இருக்கும் ஜௌஃப்ரே ருதெலுக்கு அனுப்புவதாகச் சொல்லி முடிக்கிறார்.

பாட்டில் என்னைப் பிடித்துக்கொண்டது ஓரிடம். காதலி இருக்கும் அந்த ஊருக்கு ஒரு யாத்திரிகனாகப் போயிருக்கக் கூடாதா, என் கைத்தடியையும் போர்வையையும் அவள் அழகிய கண்கள் பார்த்திருக்குமே என்கிறார். தன்னைப் பார்க்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை, தடியைப் பார்த்தால் போதும்! அந்தச் சுவரோரம் உட்கார்ந்து இதைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது.

* * *

அக்கா, எனக்கு அந்தப் பாட்டு காது வழியாக வந்தது. பழைய இசை பாடும் ஒரு சின்னக் குழுவில் மூன்று மாதம் இதைப் பயின்றோம். ‘லோஞ்’ என்றால் தூரம். நம்முடைய ஞ் ஒலியேதான், அதனால் எனக்கு உச்சரிப்பு உடனே வந்துவிட்டது. ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டாம் அடியும் நான்காம் அடியும் இந்தச் சொல்லில்தான் முடியும், இரண்டுக்கும் ஒரே மெட்டு. அப்புறம் ஏழாவது அடியில் அந்த மெட்டு திரும்ப வரும், சொல் மட்டும் வராது. பாடும்போது வாய் தானாக ‘லோஞ்’ என்று போய்விடும், நடத்துபவர் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிக்கச் சொல்வார்.

கடைசியில், காதலிக்க வேண்டும் ஆனால் காதலிக்கப்படக் கூடாது என்று என் ஞானத்தந்தை எனக்கு விதித்துவிட்டார் என்று வரும். அதைப் பாடி முடித்த அன்று யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

* * *

தம்பி, நீங்கள் சொன்ன பிறகு முதல் கண்ணியை மறுபடி கேட்டேன். பறவைப் பாட்டும் முட்செடிப் பூவும் உறைந்த குளிர்காலத்தைவிட மேலாகத் தோன்றவில்லை என்று முடிகிறதே, ஆமாம், ‘உறைந்த’ என்ற சொல் வந்து விழுவது ‘லோஞ்’ விழுந்த அதே இடத்தில்தான். இத்தனை நாள் இது எனக்குக் கேட்கவே இல்லை.