கயலுக்கு ஜிம்ஸ்லிப்

கவிதா (டார்ட்போர்டு, இங்கிலாந்து): ராஜி அத்தை, கயல் ஸ்கூல்ல ஊர் வரலாறு நாள். இவளுக்கு வந்தது மேடம் ஆஸ்டர்பர்க் காலேஜ், பொண்ணுங்களுக்கான பழைய உடற்பயிற்சிக் காலேஜ். ஜிம்ஸ்லிப் (உடற்பயிற்சிக்குப் போடுற கையில்லாத கவுன்) போட்டு மூணு நிமிஷம் ட்ரில், அப்புறம் பேச்சு. அங்க தச்சுத் தர முடியுமா? சேகர் வியாழன் ராத்திரி கிளம்புறான்ல

சேகர்: 23 கிலோல 22 ஆயிடுச்சுக்கா

பெரியம்மா: ஊறுகாய எடுக்கக் கூடாது

செல்வி சித்தி: நான் தைக்கிறேன். மாடல் அனுப்பு

முத்து மாமா: ரமேஷ் கல்யாண ப்ளவுஸ் மாதிரி ஆயிடாம

செல்வி சித்தி: அளவு கொடுத்தது யாரு மாமா?

ராஜி அத்தை: சண்டை வேணாம். செல்வி, கை வச்ச சட்டை தனியா. ஸ்லிப்புக்குக் கை கிடையாது. நெஞ்சுக்கு மேல சதுர யோக் (தோள் துண்டு), அதுல முன்னால மூணு பாக்ஸ் ப்ளீட் (பெட்டி மடிப்பு), பின்னால மூணு. இடுப்புல துணிக் கச்சை. அங்க படிச்ச மேரி டெய்ட் போட்ட மாடல்னு சொல்லுவாங்க. ப்ளீட்டை இடுப்பு வரைக்கும் தச்சுப் பூட்டிடாத. கையைத் தூக்கி வளையும்போது விரியணும், அதுக்குத்தான் அந்த மடிப்பே. அந்தக் காலேஜ்ல இடுப்பை இறுக்குற கார்செட்டுக்கும் தடை.

செல்வி சித்தி: மார்பு?

கவிதா: 28

செல்வி சித்தி: லூசோட 32. முன்பக்கம் 16. ப்ளீட் 4 இன்ச்னா மூணுக்கு 12, துணி மூணு மடங்கு 36. மிச்சம் 4, தையல் 2. ஆக 42. 44 இன்ச் பன்னால (துணி அகலம்) ஜாயிண்ட் இல்லாம வரும். ரெண்டே கால் மீட்டர் போதும்

பெரியப்பா: மெரூன் வீட்லயே இருக்கு

ராஜி அத்தை: நேவி ப்ளூதான் பொருந்தும்ணே

பெரியப்பா: வாங்கி வச்ச துணி வீணாப் போகுது. சொன்னா யாரு கேக்குறா

கவிதா: அத்தை, பேச்சு?

ராஜி அத்தை: எழுதிக்கோ. மேடம் ஆஸ்டர்பர்க்கோட பேரு மார்ட்டினா பெர்க்மன், ஸ்வீடன்காரர். ஸ்டாக்ஹோம்ல லிங் முறை, அதாவது ஸ்வீடிஷ் உடற்பயிற்சி முறை, படிச்சவர். 1881ல லண்டன் ஸ்கூல் போர்டு வேலைக்கு வந்து டீச்சர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1885ல லண்டன் ஹாம்ப்ஸ்டட்ல சொந்தக் காலேஜ். ரெண்டு வருஷப் படிப்பு. அனாட்டமி, பிசியாலஜி, ஹைஜீன், மசாஜ் எல்லாம் உண்டு, பள்ளிக்கூடத்துல போய்ப் பாடமும் நடத்தணும். பொண்ணுங்களுக்குச் சம்பளத்தோட ஒரு தொழில், அதுவும் உடம்பை அறிவியலாப் படிச்சு வர்ற தொழில். இதைக் கயல் அழுத்திச் சொல்லணும். விளையாட இடம் வேணும்னு 1895ல உங்க ஊர் கிங்ஸ்ஃபீல்டுக்கு வந்தாங்க. அங்க படிச்சவங்களே அடுத்தடுத்து காலேஜ் ஆரம்பிச்சாங்க: ரோடா ஆன்ஸ்டி 1897, பெட்ஃபோர்டுல மார்கரெட் ஸ்டான்ஸ்ஃபெல்ட் 1903. மேடம் 1915ல இறந்தார். காலேஜ் 1976ல தேம்ஸ் பாலிடெக்னிக்கோட சேர்ந்தது.

முத்து மாமா: நெட்பாலும் அங்கதானே? பாஸ்கெட்பால் மாதிரியே இருக்கு

ராஜி அத்தை: அமெரிக்காலேர்ந்து வந்த பாஸ்கெட்பாலைத்தான் மாத்தினாங்க. 1901ல விதி அச்சாச்சு. பந்தோட ஓடக் கூடாது, கோர்ட் மூணு பாகம்.

சேகர்: பாலாஜி நிச்சயதார்த்தம் ஞாயிறா திங்களா?

பெரியம்மா: அவங்க வீட்ல இன்னும் சொல்லல

முத்து மாமா: போன தடவையும் கடைசி நிமிஷம்தான்

கவிதா: அத்தை ட்ரில்

ராஜி அத்தை: வரிசை மாறக் கூடாது. முதல்ல ஒழுங்குப் பயிற்சி, அப்புறம் முதுகு வளைவு, தொங்கல், பேலன்ஸ், தோள், வயிறு, நடை ஓட்டம், பக்கவாட்டு வளைவு, தாவல், கடைசியா மூச்சு. தொங்கலுக்குக் கம்பி வேணும், அதை விட்டுடு. கட்டளை ரெண்டு துண்டு: "கைகள் மேலே", ஒரு இடைவெளி, "நீட்டு". அந்த இடைவெளியை முழுங்கினா ஆளுக்கொரு நேரம் கை தூக்கும். வளையும்போது பிள்ளைங்க மூச்சைப் பிடிச்சுக்கும், வாய்விட்டு எண்ணச் சொல்லு.

கவிதா: கூட ஆறு பேர் நிக்கிறாங்க

ராஜி அத்தை: அப்போ கட்டளை கயல்தான் கொடுக்கணும்

பெரியப்பா: கலர்?

செல்வி சித்தி: நாளைக்குக் கடைக்குப் போய்ப் பாக்குறேன். தோள்லேர்ந்து முட்டி அளவு வரலையே

கவிதா: தூங்கிட்டா சித்தி. காலைல

சேகர்: ஊறுகாய் ஒரு பாட்டில் இறங்கினாத்தான் துணி ஏறும்

பெரியம்மா: நார்த்தங்காய் இறங்காது