பகல் வெயிலில் த்ரில்லர் எடுக்க முடியுமா? இரண்டு நிமிடத் தொடக்கக் காட்சிக்கு யோசனை தேவை

கேள்வி: விஸ்காம்_கடைசியாண்டு

வணக்கம். திருச்சியில் விஷுவல் கம்யூனிகேஷன் கடைசியாண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்துச் செய்முறைத் தேர்வு இதுதான்: இல்லாத ஒரு படத்தின் தொடக்கக் காட்சியை மட்டும், கலைஞர்கள் பெயர்களோடு சேர்த்து, இரண்டு நிமிடத்துக்குள் எடுத்துக் கொடுக்க வேண்டும். கூடவே நான்கு பக்கக் கட்டுரை. எடுத்துக்கொண்ட படவகையின் மரபுகளில் எவற்றைப் பயன்படுத்தினோம், எவற்றை மீறினோம், ஏன் என்று விளக்க வேண்டும். எங்கள் குழுவில் நான்கு பேர். த்ரில்லர் என்று முடிவு செய்திருக்கிறோம்.

முதலில் எழுதிய திரைக்கதை: இரவு. குறுகிய சந்து. ஒற்றைத் தெருவிளக்கு. பையோடு ஒரு பெண் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடக்கிறாள். பின்னால் தலைமூடி வைத்த கறுப்பு ஸ்வெட்டர் அணிந்த ஒருவனின் கால்கள். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. சுவரில் புகைப்படங்கள், நடுவில் சிவப்பு நூல். அலறல், கறுப்புத் திரை, தலைப்பு.

பேராசிரியர் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பங்குனி மாதத் திருச்சியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எவனம்மா நடப்பான்?"

எங்கள் சிக்கல் இரண்டு. குழுவில் மூன்று பேர் மகளிர் விடுதி. மாலை 6.30 மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். கெஞ்சிப் பார்த்தாயிற்று, நடக்கவில்லை. ஆகவே இரவுப் படப்பிடிப்பு கிடையாது. இரண்டாவது, இருட்டு, சந்து, கால்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது த்ரில்லராகத் தெரியுமா? மரபைப் பயன்படுத்தியதற்கும் மதிப்பெண் உண்டு, மீறியதற்கும் உண்டு.

துரத்தி வருபவன் கடைசியில் அவள் தவறவிட்ட பர்ஸைக் கொடுக்கத்தான் வந்தான் என்று முடித்தால் அது மரபு மீறல்தானே?

கையில் இருப்பவை: துறையின் மிரர்லெஸ் கேமரா ஒன்று, சட்டையில் குத்தும் சிறிய மைக் ஒன்று, கைப்பேசிகள். கிடைக்கும் இடங்கள்: கல்லூரி வராந்தா, தோழி வீட்டு மொட்டை மாடி, சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் என் மாமா நடத்தும் டிடிபி கடை.

பதில்: மதியக்காட்சி

இரவு வேண்டுமென்றால் பகலில் எடுத்துவிட்டு, நிறம் திருத்தும்போது நீலமாக இறக்கிவிடுங்கள். பழைய படங்களில் பாதி இரவுகள் அப்படித்தான் வந்தன. பர்ஸ் திருப்பமும் நன்றாகத்தான் இருக்கிறது. யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

பதில்: வெட்டும்_ஒட்டும்

மதியக்காட்சி அவர்களே, மன்னிக்கவும், இரண்டுமே சரிவராது. பகலை இரவாக்க வேண்டுமென்றால் சட்டகத்தில் வானம் வரக்கூடாது, சூரியன் நடிப்பவரின் பின்னால் இருக்க வேண்டும், விளக்கு எரிகிற ஜன்னல் ஒன்றாவது வேண்டும். திருச்சி உச்சி வெயிலில் நிழல் காலடியில் சுருண்டு கிடக்கும். அதை எவ்வளவு இறக்கினாலும் நீலம் பூசிய பகலாகத்தான் தெரியும்.

பர்ஸ் திருப்பம் பற்றி. இது குறும்படம் அல்ல, ஒரு படத்தின் தொடக்கம். தொடக்கத்தின் வேலை ஒரு கேள்வியைத் திறந்துவிட்டுப் போவது. நீங்கள் திறந்த கேள்வியை நீங்களே மூடிவிட்டு, "ஏமாந்தீர்களா" என்று கேட்கிறீர்கள். பார்ப்பவர் சிரிப்பார். அதற்குமேல் ஒன்றரை மணி நேரம் அவர் எதற்காக உட்கார வேண்டும்? நான் படத்தொகுப்பு மேசையில் இருப்பவன். மாணவர் படங்கள் நிறைய வரும். பாதிக்குப் பாதி இந்தப் பர்ஸ்தான். பர்ஸுக்குப் பதில் சில படங்களில் கனவு கண்டு விழித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

மரபு என்று நீங்கள் பட்டியல் போட்டதெல்லாம் மேல்பூச்சு. 1959இல் 'நார்த் பை நார்த்வெஸ்ட்' எடுத்தபோது ஹிட்ச்காக் இதே பட்டியலைத்தான் எதிரே வைத்துக்கொண்டார். இருண்ட முச்சந்தி, விளக்கடியில் காத்திருக்கும் ஆள், மழையில் நனைந்த கல்தரை, சுவரோரம் ஒரு கறுப்புப் பூனை, திரைச்சீலையை விலக்கி எட்டிப்பார்க்கும் முகம். பின்னாளில் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் இதை அவரே விளக்கியிருக்கிறார். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, ஒளிந்துகொள்ள ஒரு மரம்கூட இல்லாத வெட்டவெளியில், பட்டப்பகலில், கோட்டு சூட்டோடு ஒருவனை நிறுத்தினார். நெடுநேரம் இசையும் கிடையாது. வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானம் ஒன்று தூரத்தில் சுற்றுகிறது, அவ்வளவுதான். எதை அவர் விட்டுவைத்தார் என்று பாருங்கள்: தனி ஆள், காரணம் தெரியாத ஆபத்து, வரப்போகிறது என்று நமக்குத் தெரிகிற ஏதோ ஒன்று. இந்த மூன்றும்தான் த்ரில்லர். பூனை அல்ல.

நம் பக்கத்திலேயே ஒன்று சொல்கிறேன். 1954இல் வந்த எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்'. படம் தொடங்கியதும் துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி கணேசன் விழுந்து சாகிறார். நாயகனைத் தொடக்கத்திலேயே கொன்றுவிட்டார்கள். படத்தில் ஒரு பாட்டும் இல்லை. அன்றைய ரசிகருக்கு இரண்டுமே அடி. ஆனால் 'கொன்றது யார்' என்கிற முதுகெலும்பில் கை வைக்கவே இல்லை. ஒவ்வொருவர் மேலும் சந்தேகம் விழுகிற விசாரணையாக அதை நேராகவே கொண்டுபோனார்கள். எதை மீறலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்து செய்தது. உங்கள் கட்டுரையில் இதைத்தான் எழுத வேண்டும்.

சரி, உங்கள் பதிவில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தது கடைசி வரியில்தான். டிடிபி கடை! அதை வைத்துக்கொண்டா இருட்டுச் சந்து தேடுகிறீர்கள்?

நண்பகல். கடையில் ஒரு பெண், கணினி முன்னால். அவள் முகம் இன்னும் வேண்டாம்; திரையும் விரல்களும் போதும். ஒரு பெரியவரின் படத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறாள். பின்னணியை வெட்டி எடுக்கிறாள். கசங்கிய சட்டைக்கு மேல் வேறொரு வெள்ளைச் சட்டையைப் பொருத்துகிறாள். முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்குகிறாள். இரு பக்கமும் குத்துவிளக்கு வந்து உட்காருகிறது. மேலே 'கண்ணீர் அஞ்சலி'. பக்கத்தில் கையால் எழுதிய துண்டுச் சீட்டு. அதைப் பார்த்துத் 'தோற்றம்' என்று தட்டித் தேதி போடுகிறாள். 'மறைவு' என்று தட்டுகிறாள். தேதி போட்டுவிட்டுக் கை நிற்கிறது. சுவரில் தினசரி நாட்காட்டி. மறைவுத் தேதி நாளை மறுநாள்.

தவறு என்று நினைத்துச் சீட்டில் உள்ள எண்ணுக்கு அழைக்கிறாள். "தேதி சரிதான் அம்மா. நூறு போஸ்டர் போடுங்கள். அவசரமில்லை, நாளை மாலை கொடுத்தால் போதும்." வைத்துவிடுகிறார்கள். அவள் தலை நிமிர்கிறது. இப்போதுதான் அவள் முகம். கடைக் கண்ணாடிக்கு வெளியே, எதிர் டீக்கடையில், படத்தில் இருந்த அதே பெரியவர் பன் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். தலைப்பு.

கத்தி இல்லை, ஓட்டம் இல்லை, இருட்டு இல்லை. ஆனால் கெடு இருக்கிறது, பெயர் தெரியாத குரல் இருக்கிறது, சாகப்போகிறவர் இருக்கிறார். மேசைக்கு அடியில் குண்டு இருப்பது பார்ப்பவருக்குத் தெரிந்து, மேசையில் இருப்பவருக்குத் தெரியாமல் இருந்தால்தான் பதற்றம் என்று ஹிட்ச்காக் சொன்னாரே, அதே கணக்கு. டீ குடிப்பவருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். இன்னொன்று, இந்த வகைத் தொடக்கங்களில் பெண் என்றால் பெரும்பாலும் இரைதான். இங்கே தகவல் அவள் கையில் இருக்கிறது. முகமும் தலைகீழ்: கொலைகாரனை மறைத்து வைப்பது வழக்கம் என்பதால் நாமும் மறைக்கிறோம், சாகப்போகிறவரை மட்டும் முதல் நொடியிலிருந்து திரை முழுக்கச் சிரிக்க வைத்துக் காட்டுகிறோம். அவரை அவ்வளவு நேரம் காட்டினால்தான் கடைசியில் டீக்கடையில் பார்த்தவுடன் அடையாளம் தெரியும். அடர்ந்த மீசையோ தடித்த கண்ணாடியோ உள்ளவராகப் பிடியுங்கள்.

தொழில்நுட்பம் இரண்டு வரி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டுக்கு அடியில் நொடிக்கு 30 பிரேமில், 1/60 நொடி ஷட்டரில் எடுத்தால் படம் துடிக்கும். 25 பிரேம், 1/50 வையுங்கள். கணினித் திரையில் பட்டை ஓடுகிறதா என்று முன்கூட்டியே எடுத்துப் பாருங்கள். கடைக்குள் இருட்டும் வெளியே வெயிலுமாக இருப்பதால் அந்தக் கடைசி ஷாட்தான் உயிரை வாங்கும். மாலை ஐந்து மணி வாக்கில், எதிர்ப்பக்கம் நிழல் விழுந்த பிறகு எடுத்தால் உள்ளும் வெளியும் ஒத்துவரும். 6.30க்கு விடுதிக்கும் போய்விடலாம்.

பதில்: விஸ்காம்_கடைசியாண்டு

அண்ணா, குழுவில் படித்துக் காட்டினேன். கேமரா பிடிக்கும் தோழி இன்று மாலையே கடையை அளக்கப் போயிருக்கிறாள்.

இரண்டு சந்தேகம். தொலைபேசிக் குரல் கரகரப்பாக, மெதுவாகப் பேச வேண்டுமா? பெயர்களை எங்கே போடுவது? எனக்குத் தோன்றியது: போஸ்டரின் கீழே 'கண்ணீருடன்' என்று போட்டு வரிசையாகப் பெயர்கள் இருக்குமே, அந்த இடத்தில் அவள் எங்கள் பெயர்களைத் தட்டிக்கொண்டே வந்தால்? ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம் எல்லாம் துக்கத்தில் இருப்பவர்களாக.

பதில்: ஒலிவாங்கி

கரகரப்பு வேண்டவே வேண்டாம். எரிவாயு சிலிண்டர் பதிவு செய்கிற குரலில் பேசட்டும். மரியாதையாக 'அம்மா' போட்டுப் பேசுகிறவர்தான் அச்சமூட்டுவார். அந்த வசனத்தை வேறொரு அறையில் கைப்பேசியில் பேச வைத்து, மறுமுனைக் கைப்பேசியின் ஒலிபெருக்கியில் வருவதைப் பதிவு செய்யுங்கள். கணினியில் வடிகட்டி போடுவதைவிட உண்மையாக இருக்கும்.

பின்னணி இசையைத் தேடி இணையத்தில் அலையாதீர்கள். 1958இல் ஆர்சன் வெல்ஸ் 'டச் ஆஃப் ஈவில்' படத்தை, காரில் வெடிகுண்டு வைப்பதிலிருந்து வெடிப்பது வரை மூன்று நிமிடத்துக்கு மேல் ஒரே ஷாட்டில் தொடங்கினார். தயாரிப்பு நிறுவனம் அதன்மேல் பெயர்களையும் ஹென்றி மான்சினியின் இசையையும் ஏற்றிவிட்டது. வெல்ஸ் எழுதிவைத்த நீண்ட குறிப்பை வைத்து 1998இல் வால்டர் மர்ச் மறுபடி தொகுத்தபோது பெயர்களை அங்கிருந்து எடுத்துவிட்டு, தெருவில் கடை கடையாகக் கேட்கும் பாட்டுகளையும் கார் ரேடியோவையும் வைத்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். இசை இருந்தால் 'இது படம்' என்று தெரிகிறது. தெருச்சத்தம் இருந்தால் கார் எங்கே போகிறது என்று கண் தேடுகிறது.

உங்கள் கடையில் என்ன சத்தம் இருக்கிறது? அச்சு இயந்திரத்தின் தலை இடமும் வலமும் ஓடும். மின்விசிறி. வெளியே பஸ் நடத்துநரின் விசில். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, கடையின் வெறும் சத்தத்தை மட்டும் ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். வெட்டுகளை ஒட்ட அதுதான் பசை. தேதியைத் தட்டி முடித்ததும் மின்விசிறியை நிறுத்தி ஏதாவது செய்யலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். அதுவும் பூனைதான்.

பதில்: வெட்டும்_ஒட்டும்

பெயர் யோசனை அருமை. எனக்குத் தோன்றவில்லையே என்று பொறாமையாக இருக்கிறது. 1995இல் 'செவன்' படத்துக்குக் கைல் கூப்பர் எழுத்துகளைக் கையால் கீறி, நடுங்க வைத்த நாளிலிருந்து மாணவர் த்ரில்லர் என்றாலே கீறல் எழுத்து நடுங்குகிறது. நீங்கள் கல்யாணப் பத்திரிகையில் வருகிற வளைந்த எழுத்துருவில் போடுங்கள். ஒரு நிபந்தனை: பெயர்கள் எல்லாம் மறைவுத் தேதிக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். அப்படியானால் போஸ்டரைக் கீழிருந்து மேலாக நிரப்புகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேதி விழுந்த பிறகு தலைப்பைத் தவிர ஓர் எழுத்தும் வரக்கூடாது.

கட்டுரையில் திரைப்பட ஆய்வாளர் ஸ்டீவ் நீலைக் குறிப்பிடலாம். ஒவ்வொரு படவகையும் திரும்ப வருதலாலும் வேறுபடுதலாலும் வாழ்கிறது என்பதுதான் அவர் 1980இல் எழுதியதன் சாரம். ஆனால் அவர் பெயரைப் போட்டுவிட்டு அட்டவணை போடாதீர்கள். கடைப்பெண் கையில் ஏன் தகவலைக் கொடுத்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதினாலே போதும்.

பதில்: விஸ்காம்_கடைசியாண்டு

புதுச் சிக்கல். பெரியவராக நடிக்க ஒப்புக்கொண்ட நாடகக் கலைஞர், தன் படம் கண்ணீர் அஞ்சலியில் வரும் என்றதும் வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள் என்று விலகிவிட்டார். இன்னொருவரின் மனைவி தொலைபேசியிலேயே திட்டினார். மாமாவும் "கடையில் வேறு எதையாவது அடியுங்களேன்" என்கிறார்.

பதில்: வெட்டும்_ஒட்டும்

அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உயிரோடு இருப்பவருக்கு யார் குத்துவிளக்கு வைப்பார்கள்? மூன்று உறுதி கொடுங்கள். ஒரு பிரதிகூட அச்சாகாது, திரையில் மட்டும்தான். பெயரும் பிறந்த தேதியும் அவருடையவை அல்ல. படப்பிடிப்பு முடிந்ததும் அவர் கண் முன்னாலேயே கோப்பை அழித்துவிடுவீர்கள். நாத்திகம் பேசுகிற பெரியவர் திருச்சியில் கிடைக்காமலா போவார்?

பதில்: விஸ்காம்_கடைசியாண்டு

கிடைத்துவிட்டார்! எங்கள் துறை ஆய்வக உதவியாளரின் அண்ணன், பணி ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர். "நான் பார்க்காத விபத்தா" என்று சிரித்தார். அவருக்கும் ஒரே ஒரு நிபந்தனை: போஸ்டரில் பழைய கண்ணாடி வேண்டாமாம், போன வாரம் வாங்கிய புதுக் கண்ணாடியோடுதான் நிற்பாராம்.

பதில்: வெட்டும்_ஒட்டும்

நிற்கட்டும். டீக்கடையிலும் அதையே போட்டிருக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் தொடர்ச்சி போய்விடும். புதுக் கண்ணாடியில் கேமராவும் நீங்கள் நால்வரும் பளிச்சென்று தெரிவீர்கள். அவரைக் கொஞ்சம் பக்கவாட்டில் உட்கார வையுங்கள்.