டிவிடி பிளேயரைப் புதிய தொலைக்காட்சியில் இணைத்தால் படம் வரவில்லை, இரைச்சல் வருகிறது: உதவி தேவை

வினா

வணக்கம். 2006-இல் நடந்த என் தந்தையாரின் மணிவிழா வீடியோ எங்களிடம் டிவிடி வட்டுகளாக இருக்கிறது. சதாபிஷேகம் நெருங்குவதால், வரும் உறவினர்களுக்கு அதை மண்டபத்தில் புரொஜெக்டர் வைத்துக் காட்ட விரும்புகிறோம். அதற்கு முன் வீட்டில் ஒருமுறை போட்டுப் பார்க்க நினைத்தோம். பிளேயரின் பின்புறம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏ.வி. துளைகள் மட்டுமே உள்ளன, எச்.டி.எம்.ஐ. இல்லை. தொலைக்காட்சியிலோ எச்.டி.எம்.ஐ. தவிர, ஹெட்ஃபோன் துளை அளவில் ‘ஏ.வி. இன்’ என்று ஒன்றுதான் இருக்கிறது. ஒரு முனையில் அதற்கேற்ற பின்னும் மறுமுனையில் மூன்று நிறப் பின்களும் கொண்ட கேபிளை வாங்கி, நிறத்துக்கு நிறம் பொருத்தினோம். திரை கறுப்பாகவே இருக்கிறது. நாதஸ்வர ஓசை கேட்கிறது, ஆனால் அதன்மேல் ‘உர்ர்’ என்று கனத்த இரைச்சலும் சேர்ந்து வருகிறது. பழுது எதில் என்று தெரிந்தவர்கள் சொல்லி உதவ வேண்டுகிறேன்.

மறுமொழி

ஐயா, வணக்கம். நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் பிளேயரும் தொலைக்காட்சியும் நன்றாகவே இருக்கின்றன. சிறிய பின்னை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மூன்று கறுப்பு வளையங்கள் அதை நான்கு உலோகப் பகுதிகளாகப் பிரித்திருக்கும். இடது ஒலி, வலது ஒலி, படம், எர்த் ஆகிய நான்கும் அவற்றில் ஒவ்வொன்றின் வழியே செல்கின்றன. எந்தப் பகுதியில் எது என்பதில் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான ஒழுங்கு கிடையாது என்பதுதான் சிக்கல். நுனியில் இடது ஒலியும் மூன்றாம் பகுதியில் எர்த்தும் வைக்கும் இரு முறைகள் பரவலாக உள்ளன. ஒன்றில் படம் அடிப்பகுதியிலும் வலது ஒலி இரண்டாம் பகுதியிலும் இருக்கும், மற்றதில் அவ்விரண்டும் இடம் மாறியிருக்கும். உங்கள் கேபிள் ஒரு முறையையும் தொலைக்காட்சி மற்ற முறையையும் பின்பற்றுவதால், படத்துக்குரிய மின்சமிக்ஞை வலது ஒலியின் வழியில் நுழைந்து, நொடிக்கு 50 முறை வரும் அதன் துடிப்பு இரைச்சலாகக் கேட்கிறது என்பது என் கணிப்பு. இடப்பக்க ஒலிபெருக்கியின் அருகே காதை வைத்துக் கேளுங்கள். அங்கே நாதஸ்வரம் தெளிவாகவும் வலப்பக்கத்தில் இரைச்சல் மட்டுமாகவும் இருந்தால் கணிப்பு உறுதி.

தீர்வு எளிது. பிளேயரின் பக்கத்தில் மஞ்சள் பின்னைச் சிவப்புத் துளையிலும், சிவப்புப் பின்னை மஞ்சள் துளையிலும் மாற்றிச் செருகுங்கள். அப்போதும் சரியாகாவிட்டால் எர்த்தின் இடமே வேறுபடுகிறது என்று பொருள். அந்தத் தொலைக்காட்சி மாடலுக்கென்று விற்கப்படும் கேபிளையே வாங்க வேண்டியிருக்கும்.

வினவியவர்

மிக்க நன்றி ஐயா. இடப்பக்கம் தெளிவாகத்தான் இருந்தது. மாற்றிச் செருகியதும் இரைச்சல் நின்று படமும் வந்துவிட்டது. ஆனால் வண்ணம் இல்லை. பட்டுப்புடவைகள் எல்லாம் சாம்பல் நிறமாகத் தெரிகின்றன, படம் முழுவதும் நுண்ணிய புள்ளிகள் வேறு.

மறுமொழி

அந்தப் புள்ளிகளே காரணத்தைச் சொல்லிவிடுகின்றன. மஞ்சள் கேபிளில் வெளிச்சமும் வண்ணமும் ஒரே கம்பியில் கலந்து வருகின்றன. தொலைக்காட்சியின் சோர்ஸ் பட்டியலில் ‘ஏ.வி.’, ‘காம்போனென்ட்’ (வெளிச்சமும் வண்ணமும் தனித்தனிக் கம்பிகளில் வரும் முறை) என இரண்டு இருக்கும். சில மாடல்களில் இரண்டுக்கும் துளை ஒன்றே. நீங்கள் இரண்டாவதில் நிற்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அதில் தொலைக்காட்சி வந்ததை முழுவதும் வெளிச்சமாகவே எடுத்துக்கொள்வதால், பிரித்தறியப்படாத வண்ணம் புள்ளிகளாகத் தங்கிவிடுகிறது. ரிமோட்டில் ‘ஏ.வி.’யைத் தேர்ந்தெடுங்கள். அதன்பின்னும் வண்ணம் வராவிட்டால், பிளேயரின் செட்டப் பக்கத்தில் டிவி வகையை ‘பால்’ (PAL, நம் நாட்டுத் தொலைக்காட்சி வண்ண முறை) என்று மாற்றுங்கள்.

மறுமொழி (மற்றொருவர்)

மண்டபத்தைப் பற்றி நான் சொல்கிறேன். வாடகைப் புரொஜெக்டர்களில் பலவற்றில் இப்போது மஞ்சள் துளை இருப்பதில்லை, எச்.டி.எம்.ஐ. மட்டும் என்றால் கன்வெர்ட்டர் தேவை. ஒரு முனையில் மூன்று நிறப் பின்களும் மறுமுனையில் எச்.டி.எம்.ஐ.யும் கொண்ட வெறும் கேபிளைக் கடைக்காரர் நீட்டினால் தயவுசெய்து வாங்காதீர்கள். அனலாக் சமிக்ஞையை டிஜிட்டலாக மாற்றும் மின்சுற்று அதில் இல்லை, எனவே படம் வராது. தேவையானது, 5 வோல்ட் யு.எஸ்.பி. மின்சாரத்தில் இயங்கும் சிறு பெட்டி. அதிலும் ‘ஏ.வி.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு’ என்ற திசையைப் பார்த்து வாங்குங்கள்; எதிர்த்திசைப் பெட்டியும் ஏறக்குறைய அதே உருவத்தில்தான் விற்கிறது.

ஒலியைப் புரொஜெக்டருக்கு அனுப்பவே வேண்டாம். அதன் சிறிய ஒலிபெருக்கி மண்டபத்துக்குப் போதாது. மஞ்சளை மட்டும் கன்வெர்ட்டரில் செருகி, வெள்ளையையும் சிவப்பையும் பிளேயரிலிருந்து நேரே மைக்செட்காரரின் மிக்ஸருக்குக் கொடுத்துவிடுங்கள். அந்தக் காலத்து விழா வீடியோக்கள் பெரும்பாலும் 4:3 அளவில் எடுக்கப்பட்டவை. புரொஜெக்டரிலும் அதே அளவைத் தேர்ந்தெடுத்தால் முகங்கள் அகன்று தெரியாது.

வினவியவர்

சோர்ஸை மாற்றியதும் வண்ணம் வந்துவிட்டது. மைக்செட்காரரிடமும் பேசிவிட்டோம், பிளேயரையும் கன்வெர்ட்டரையும் முதல்நாள் மாலையே மண்டபத்துக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். இருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.